சாக்லேட் காசு யாருக்குப் போகிறது? வகுப்பறைக்கு 40 பயனுள்ள குறிப்புகள்

விளைவித்தவருக்கும் கட்டுப்படியாக வேண்டும், வாங்குகிறவருக்கும் கட்டுப்படியாக வேண்டும், நடுவில் யார் உழைப்பும் ஏமாந்து போகக் கூடாது. நியாய வர்த்தகம் என்பது இவ்வளவுதான். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். கையில் நாலு புளியங்கொட்டையைக் கொடுத்துப் பேரம் பேசச் சொன்னால், மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள்! டீச்சர்களும், லீவு நாளில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சமாளிக்கிற அம்மா அப்பாக்களும் பைசா செலவில்லாமல் செய்யக்கூடியவை இதோ.

முதலில் சாமான் சேர்ப்போம்

1. விளையாட்டு நோட்டு அச்சடிக்க ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டாம். ஒரு டம்ளர் புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்தால் வகுப்புக்கே காசு தயார். பாதியை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டால் அது ஐந்து ரூபாய், தேய்க்காதது ஒரு ரூபாய்.

2. பீரோவில் சேர்ந்து கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கும். அதில் 'விவசாயி', 'லாரிக்காரர்', 'கமிஷன் மண்டி', 'கடைக்காரர்' என்று பெரிதாக எழுதினால், வருஷக்கணக்கில் கிழியாத அட்டைகள் கிடைத்துவிடும்.

3. சட்டை மாட்டும் ஹேங்கரின் இரண்டு முனையிலும் கொட்டாங்கச்சியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டால் தராசு ரெடி. எடைக்கல்லுக்குப் பிரிக்காத உப்பு பாக்கெட்டும் சோப்பும் போதும், அவற்றின் மேலேயே கிராம் போட்டிருக்கும்.

4. உலக வரைபடம் பெரிதாக வேண்டுமென்றால் பழைய வேட்டியில் கரித்துண்டால் வரையச் சொல்லுங்கள். பொருள் கிளம்பிய ஊரிலிருந்து நம் ஊர் வரைக்கும் மிச்சமான உல்லன் நூலை ஓட்டிக் குண்டூசி குத்தினால், பயணம் எவ்வளவு நீளம் என்று பின்பெஞ்சுக்கும் தெரியும்.

5. டீத்தூள், பிஸ்கட், சாக்லேட், சோப்பு உறைகளைப் பதினைந்து நாள் முன்பே சேர்க்கச் சொல்லிவிடுங்கள். தண்ணீரில் ஒரு அலசு அலசிக் காயவைத்து எடுத்து வரச் சொல்வது முக்கியம். இல்லாவிட்டால் வகுப்பு அலமாரியில் எறும்பு குடித்தனம் வந்துவிடும்.

6. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் என்னென்ன தேவை என்று போடும்போது, "கடையில் வாங்க வேண்டாம், வீட்டில் கிடந்தால் மட்டும் போதும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நியாயத்தைப் பற்றிய பாடம் யார் வீட்டு மாதச் செலவையும் கூட்டக் கூடாது இல்லையா?

ஒரு பொருள், பல கைகள்

7. பிரிட்டனில் கஃபோட் என்ற தொண்டு நிறுவனம் பள்ளிகளுக்காகத் தயாரித்த வாழைப்பழ விளையாட்டு நமக்கும் நன்றாக உதவும். ஒரு பழம் 30 பென்ஸ் என்று வைத்துக்கொண்டு, தோட்டத் தொழிலாளி, தோட்ட முதலாளி, கப்பல்காரர், இறக்குமதி செய்து பழுக்கவைப்பவர், கடைக்காரர் என்று ஐந்து குழு பிரியுங்கள். தனக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒவ்வொரு குழுவும் காரணத்தோடு கேட்கட்டும்.

8. எல்லாக் குழுவும் கேட்டதைக் கூட்டினால் கட்டாயம் 30-ஐத் தாண்டும், அங்கேதான் பேரம் சூடு பிடிக்கும். கடைசியில் அந்த விளையாட்டு சொல்லும் கணக்கைப் போடுங்கள்: தொழிலாளி 1, முதலாளி 5, கப்பல் 4, இறக்குமதியாளர் 7, கடை 13. 'தொழிலாளி' குழுவின் முகத்தைப் பார்த்தாலே பாடம் பாதி முடிந்தது தெரியும்.

9. அதே ஆட்டத்தை மறுநாள் நம்மூர் வாழைத்தாரை வைத்து ஆடலாம். தோட்டத்து விலை, வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை, மண்டிக் கமிஷன், கடை விலை என்று பிள்ளைகளே விசாரித்து நிரப்பட்டும். புத்தகத்தில் இருக்கும் கணக்கைவிட தெருமுனைக் கடை அண்ணாச்சி சொன்ன கணக்கு மறக்கவே மறக்காது.

10. நடுவில் இருப்பவர்களை எல்லாம் வில்லனாக்கி விடாதீர்கள். 'லாரி டயர் பஞ்சர்', 'பழம் பாதி கனிந்து அழுகிவிட்டது', 'கரண்ட் பில் கட்ட வேண்டும்' என்று சில சீட்டுகளை வியாபாரி குழுவிடம் எடுக்கச் சொல்லுங்கள். யாருக்கு என்ன செலவு என்று தெரிந்த பிறகுதான் எது நியாயமான லாபம், எது அடாவடி என்று பிள்ளைகளால் பிரித்துப் பார்க்க முடியும்.

11. பனியன் ஒன்றுக்கு எத்தனை கை தேவை என்று காட்டத் துணி காயப்போடும் கயிறு போதும். பருத்தி விவசாயி, ஜின்னிங், ஸ்பின்னிங், நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், தையல், செக்கிங், அயனிங், பேக்கிங் என்று சீட்டெழுதிக் கிளிப்பில் மாட்டி, கலைத்துவிட்டு வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் உங்களுக்கே இரண்டு படி சேர்த்துச் சொல்லிக் கொடுப்பார்கள்.

12. ஒரு கிலோ டீத்தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். இதை நம்ப வைக்க, கால் கிலோ கறிவேப்பிலையை எடை போட்டு நிழலில் காயவைத்து, நாலு நாள் கழித்து மறுபடி எடை போடச் சொல்லுங்கள். காய்ந்ததைப் பொடித்து டப்பாவில் போட்டுக்கொண்டால் வீட்டுக்கும் லாபம்!

13. கொழுந்து பறிக்கிற கஷ்டம் தெரிய முருங்கைக்கீரை ஆய்வதே போதுமான பயிற்சி. கொழுந்தும் இளந்தழையும் மட்டும்தான் எடுக்க வேண்டும், காம்பு வந்தால் கழித்துவிடுவோம் என்று சொல்லிப் பத்து நிமிஷம் ஆயவிட்டு எடை போடுங்கள். கிராமுக்கு இத்தனை கொட்டை என்று கூலி கொடுத்தால், ஒருவர் கையில் சேர்ந்த கீரைக்கும் கிடைத்த காசுக்கும் உள்ள தூரம் புரிந்துவிடும். கீரை அன்றைக்குச் சத்துணவுக் கூடத்துக்கோ டீச்சர் வீட்டுக்கோ போகட்டும்.

14. உலகத்துக் கோகோவில் பாதிக்கும் மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளில் விளைகிறது. சாக்லேட் உறையின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லி, இந்தப் பெயர்கள் எங்காவது இருக்கிறதா என்று தேடவிடுங்கள். பெரும்பாலும் கிடைக்காது. "ஏன் மிஸ் போடலை?" என்ற கேள்வி அவர்கள் வாயிலிருந்தே வரும்.

15. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் ஒரு கோகோ காய் வாங்கி வரச் சொல்லுங்கள், அங்கே தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராக வளர்க்கிறார்கள். காயை உடைத்தால் வெள்ளைச் சதைக்குள் முப்பது, நாற்பது கொட்டைகள் இருக்கும். அவற்றைப் புளிக்கவைத்துக் காயவைத்தால்தான் சாக்லேட் வாசனைக்கே வழி பிறக்கும் என்றால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

ஆடிப் பார்த்தால்தான் தெரியும்

16. பழைய பேப்பரும் மைதாப் பசையும் இருந்தால் கடைக் கவர் ஒட்டும் விளையாட்டு ஆடலாம். கொல்கத்தாவில் கவர் ஒட்டிப் பிழைக்கும் குடும்பங்களை வைத்துக் கிறிஸ்டியன் எய்ட் அமைப்பு பிரிட்டிஷ் பள்ளிகளுக்குக் கொடுத்த ஆட்டம் இது. குழுவே ஒரு குடும்பம், பத்து நிமிஷத்தில் ஒட்டிய கவரை விற்று அரிசி, வாடகை, பள்ளிச் செலவு சமாளிக்க வேண்டும்.

17. கவர் வாங்கும் 'வியாபாரி'யாக நீங்கள் கொஞ்சம் கறாராக இருங்கள். அடிமூலையில் விரல் நுழைந்தால் தள்ளுபடி, பசை காயாமல் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் தள்ளுபடி. இரண்டாவது சுற்றில் காரணம் சொல்லாமல் விலையைப் பாதியாக்கினால் வகுப்பே கொதித்தெழும், அந்த நேரத்தில் பேச்சைத் தொடங்கினால் ஒருவர்கூட வெளியே வேடிக்கை பார்க்க மாட்டார்.

18. ஒரு குழுவுக்குக் கத்தரிக்கோலும் அடிக்குச்சியும், இன்னொன்றுக்கு நிறையக் காகிதம், மூன்றாவதற்கு ஒரே ஒரு பென்சில் என்று ஏற்றத்தாழ்வாகப் பிரித்துக் கொடுங்கள். வட்டம், சதுரம், முக்கோணம் வெட்டி உங்களிடம் விற்க வேண்டும், அவ்வளவுதான் விதி. காகிதம் வைத்திருந்தும் கருவி இல்லாதவர்கள் என்ன விலைக்கு இறங்கி வருகிறார்கள் என்று குறித்து வையுங்கள்.

19. விலை ஏற்ற இறக்கத்துக்குத் தாயக்கட்டையைவிடச் சிறந்த கருவி கிடையாது. தக்காளி விளைவிக்க ஒவ்வொரு பருவத்துக்கும் மூன்று கொட்டை செலவு, இரண்டு கட்டையையும் உருட்டி விழுகிற எண்தான் கிடைக்கும் விலை. இரண்டிலும் வெறுமை விழுந்தால் இங்கே பன்னிரண்டு கிடையாது, பூஜ்யம்தான். தக்காளியை ரோட்டில் கொட்டிவிட்டுப் போகிற நாள் அது.

20. ஆறு பருவம் ஆடி முடித்ததும், "எண் மூன்றுக்குக் கீழே விழுந்தாலும் மூன்று கொட்டை உறுதி" என்று விதியை மாற்றி மறுபடி ஆடுங்கள். குறைந்தபட்ச விலை என்றால் என்ன என்று விளக்கவே வேண்டாம். முதல் ஆட்டத்தில் கடனாளியான பிள்ளைதான் முதலில் கை தட்டும்.

21. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நிஜக் கணக்கைக் கொடுங்கள். 2001-ல் உலகச் சந்தையில் காப்பிக் கொட்டை ஒரு பவுண்டு எடைக்கு 50 சென்டுக்கும் கீழே விழுந்தபோது, ஃபேர்டிரேட் என்ற நியாய வர்த்தக முத்திரை பெற்ற அராபிகாவுக்கு 1.26 டாலர் கொடுத்தார்கள். நம் நாட்டில் நெல், கோதுமை உட்பட 22 பயிர்களுக்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. தக்காளி அந்தப் பட்டியலில் உண்டா என்று தேடச் சொல்லுங்கள்.

22. முன்பணம் வாங்கினால் என்ன ஆகும் என்று காட்ட, இரண்டு 'விவசாயி'களுக்கு மட்டும் ஆரம்பத்திலேயே ஐந்து கொட்டை கடன் கொடுங்கள். விளைந்ததை உங்களிடம்தான், நீங்கள் சொல்லும் விலைக்குத்தான் விற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மற்றவர்கள் நல்ல விலைக்கு ஆள் தேடும்போது இவர்கள் கை கட்டி நிற்பதை வகுப்பே பார்க்கும்.

23. கொட்டாங்கச்சித் தராசில் ஒரு பக்கத்து அடியில் மட்டும் பத்து ரூபாய் நாணயத்தை ஒட்டிவிட்டுக் கடலையை நிறுத்து வாங்குங்கள். ஈரம், தூசு என்று சொல்லிக் 'கழிவு'ம் பிடியுங்கள். யார் முதலில் கண்டுபிடிக்கிறார்களோ அவர்தான் அன்றைய எடை ஆய்வாளர், பரிசு அந்தக் கடலையே.

24. காலண்டர் அட்டையில் அறுகோணங்கள் வெட்டி, ஓரத்தில் ஓட்டை போட்டு, மழுங்கிய ஊசியும் சணலும் கொடுத்து இரண்டை இணைக்கச் சொல்லுங்கள். வழக்கமான கால்பந்தில் 20 அறுகோணம், 12 ஐங்கோணம், ஆக 32 துண்டுகள். ஒரு ஓரத்துக்கு ஆன நேரத்தை வைத்து முழுப்பந்துக்குக் கணக்குப் போட்டால் பெருக்கல் வாய்ப்பாடும் ஓடிவிடும்.

25. அந்த அட்டைப் பந்தோடு சேர்த்து சியால்கோட் கதையையும் சொல்லிவிடலாம். பாகிஸ்தானின் அந்த ஊர் கால்பந்துக்குப் பேர் போனது. நம் பக்கம் ஜலந்தரும் மீரட்டும். சியால்கோட்டில் சிறுவர்கள் பந்து தைப்பது உலகத்துக்குத் தெரிந்து பெரிய சர்ச்சையாகி, அதை நிறுத்த 1997-ல் அட்லாண்டாவில் ஒப்பந்தம் போட்டார்கள்.

26. கிழிந்த பனியனை நாடாவாக வெட்டி, அட்டையில் நூல் கட்டிக் குட்டி மிதியடி நெய்யலாம். கை வேலை செய்துகொண்டே, கம்பளத் தறியிலிருந்து சிறுவர்களை மீட்க கைலாஷ் சத்யார்த்தி 1994-ல் தொடங்கிய ரக்மார்க் முத்திரையைப் பற்றிப் பேசுங்கள். அதற்கு இப்போது குட்வீவ் என்று பெயர். நெய்து முடித்த மிதியடி வகுப்பு வாசலுக்கு ஆகும்.

27. ஃபேர்டிரேட் முறையில் விலைக்கு மேல் ஒரு கூடுதல் தொகை வரும், அதை எதற்குச் செலவழிப்பது என்று விவசாயிகளே கூடி முடிவு செய்வார்கள். கிணறு, எடை மெஷின், பள்ளிக்கூரை, மருந்தகம் என்று நாலு டப்பா வைத்து, ஆளுக்கு மூன்று கொட்டை கொடுத்து வாக்களிக்கச் சொல்லுங்கள். வாக்கைவிட, கொட்டையைப் போடும் முன் அவர்கள் போடுகிற சண்டையில்தான் பாடம் இருக்கிறது.

28. எந்த ஆட்டமானாலும் பாதியில் அட்டைகளை மாற்றிக் கொடுங்கள். கடைக்காரராக இருந்து அடித்துப் பேசிய பிள்ளை பத்து நிமிஷம் கூலியாளாக உட்கார்ந்தால் பேச்சின் சுருதி தானாக இறங்கும்.

வாசலைத் தாண்டி

29. பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் காலை ஏழு மணிக்கே பிள்ளைகளை அழைத்துப் போங்கள், லேட்டானால் கீரை தீர்ந்துவிடும். நடுவில் தரகர் இல்லாமல் விவசாயியே விற்க வேண்டும் என்று 1999 நவம்பர் 14-ல் மதுரையில் தொடங்கிய திட்டம் இது. ஐந்து காய்களின் விலையைச் சந்தையிலும் தெருக்கடையிலும் எழுதி வந்து ஒப்பிட்டால் ஒரு வாரத்துக்குப் பேச விஷயம் கிடைக்கும்.

30. நெசவாளி, விவசாயி, தையல்காரர் என்று யாரையாவது வகுப்புக்குக் கூப்பிட்டால் பஸ் காசும் அன்றைய கூலியும் கொடுத்துவிடுங்கள். வகுப்புக்கே பத்து ரூபாய் வசூலித்தாலும் போதும். நியாயக் கூலியைப் பற்றிப் பேச வந்தவர் வேலை நாளை இழந்து வீடு திரும்பினால் பாடம் பல்லிளிக்கும்!

31. சட்டைக் காலரைத் திருப்பி உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் பக்கத்தில் இருப்பவர் படிக்கட்டும். எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால், 2013 ஏப்ரல் 24-ல் வங்கதேசத்தில் துணி தைக்கும் ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பற்றிச் சொல்லலாம். சின்ன வகுப்புகளுக்குச் சீட்டில் உள்ள ஊரை வேட்டி வரைபடத்தில் தேடுவதே போதும்.

32. ஆசிரியர் அறை டீயைப் பிள்ளைகளின் ஆராய்ச்சிக்கு விட்டுவிடுங்கள். எந்தப் பொடி, எங்கே விளைந்தது, யார் பாக்கெட் போட்டது என்று கண்டுபிடிக்கட்டும். நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கு இன்ட்கோசர்வ் என்ற அமைப்பு இருக்கிறது, ரேஷனில் கிடைக்கும் ஊட்டி டீ அவர்களுடையதுதான்.

33. சேர்த்த உறைகளை மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: சுத்தத்துக்கான முத்திரை, தரத்துக்கான முத்திரை, செய்தவருக்கு நியாயம் கிடைத்ததா என்று சொல்லும் முத்திரை. முதல் இரண்டும் மலை போல் சேரும், மூன்றாவது விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். முத்திரை வாங்கவும் செலவு உண்டு, அதனால் முத்திரை இல்லாதவர் எல்லாம் அநியாயக்காரர் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

34. முற்றிய வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி மஞ்சள் கரைசலில் தோய்த்தால் அழகான பூ முத்திரை விழும். வகுப்புக்கென்று ஒரு நியாய முத்திரையை இப்படி உருவாக்கி, அதைப் பெற என்னென்ன விதி என்று பிள்ளைகளையே ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். ஒட்டிய பேப்பர் கவர்களில் குத்தி நம் தெருக்கடைக்கே கொடுக்கலாம்.

35. பள்ளி விழாவில் கடை போட்டால் விலைச்சீட்டில் நாலு வரி இருக்கட்டும்: பொருள் செலவு, செய்ய ஆன நேரம், நேரத்துக்குக் கூலி, லாபம். பொதுவாக நேரத்தை யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். சேர்த்த பிறகு வரும் விலையைப் பார்த்தால், கோயில் வாசலில் பூக்கார அம்மாவிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேச நாக்கு கூசும்.

டீச்சர் கவனத்துக்கு

36. "உங்கப்பா சம்பளம் எவ்வளவு?" என்று மட்டும் வகுப்பில் கேட்கவே வேண்டாம். தோட்ட வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் நம் முன்னாலேயே இருப்பார்கள். ஆட்டத்துக்குக் கற்பனைக் குடும்பம் ஒன்றை வைத்துக்கொண்டால் யாரும் தலை குனிய வேண்டியதில்லை, சொல்ல விரும்புகிற பிள்ளை தானாகவே சொல்லும்.

37. ஏற்றத்தாழ்வு காட்டும் ஆட்டத்தில் கடலைமிட்டாயோ சாக்லேட்டோ பயன்படுத்தினால், முடிவில் எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டே வெளியே அனுப்புங்கள். ஆட்டம் முடிந்தது என்று அறிவிக்கவும் மறக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் அந்தக் கோபத்தை வீடு வரைக்கும் எடுத்துப் போவார்கள்.

38. பாடத்துக்கு நடுவே மூன்று நிமிஷம் மிச்சம் கிடைத்தால் கதை சொல்லுங்கள். 1946-ல் போர்ட்டோ ரிக்கோ பெண்களின் பூவேலைத் துணிகளை வாங்கி அமெரிக்காவில் காரில் வைத்தே விற்றுக் கொடுத்த எட்னா ரூத் பைலர் ஒரு கதை. மெக்சிகோவின் சிறு காப்பி விவசாயிகளுக்காக 1988-ல் நெதர்லாந்தில் மாக்ஸ் ஹாவலார் என்ற நியாய வர்த்தக முத்திரை பிறந்தது இன்னொன்று.

39. உலக நியாய வர்த்தக தினம் மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை, நமக்கோ அப்போது கோடை விடுமுறை! அதற்காகக் காத்திருக்காமல் ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி தினத்தில் கயிற்றில் பனியன் சீட்டும், நவம்பர் 14 குழந்தைகள் தினத்தில் உழவர் சந்தையும் வைத்துக்கொள்ளுங்கள். கைத்தறி தினத்தன்று பக்கத்துக் கோ-ஆப்டெக்ஸில் ஒரு துண்டு எந்த ஊரில் நெய்தது என்று கேட்டு வந்தாலே வீட்டுப்பாடம் முடிந்தது.

40. இதற்கெல்லாம் தனியாகப் பீரியட் தேட வேண்டாம். எடை போடுவது கணக்கு, கோகோ ஊர் புவியியல், பேரம் தமிழ் உரையாடல், மிதியடி கைவேலை என்று பிரித்துவிட்டால் பாடத்திட்டமும் நகரும். நாற்பதையும் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை, இந்த வாரம் புளியங்கொட்டையும் தாயக்கட்டையும் மட்டும் எடுத்து வையுங்கள், அடுத்து எது வேண்டும் என்று பிள்ளைகளே கேட்பார்கள்.